ஏழாம் நம்பரும் நோகோ அண்ணனும்

உலகத்தில் எதையுமே முதல் தடவையில் நல்லது என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். இதுவரை அவரிடம் தேறாதவை: எங்கள் தெருவின் வேகத்தடை (இடது பக்கம் ஒரு விரல் உயரம் அதிகம்), போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் (ஐந்து முனையில் ஒன்று தூங்கி வழிகிறது), ஐப்பசி மழை (சாய்வு சரியில்லை), நான் (இன்னும் பரிசீலனையில்).

அப்படிப்பட்டவரிடம் என் புத்தம் புதுக் கேமராவைக் காட்டினால் என்ன என்ற யோசனை எனக்கு உதித்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. கேம்ப் ரோடு டீக்கடை. காலை எட்டே கால். கேமரா பை தோளில், பாதி மெதுவடை கையில், மீதி வாயில். வாயில் வடை இருக்கும்போது மூளை வேலை செய்வதில்லை என்பதற்கு நானே சாட்சி.

அதே நேரத்தில், எனக்குப் பக்கத்தில் நின்று, அவர் தன் வடையின் ஓட்டைக்குள் ஒரு இரும்புக் கம்பியை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் மறைமலைநகர் பக்கம் நட்டு போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவர். நட்டின் ஓட்டை சரியான அளவா என்று பார்க்க அங்கே விரல் நீளத்தில் ஒரு கம்பி உண்டு. ஒரு முனைக்கு ‘கோ’ என்று பெயர். அது ஓட்டைக்குள் போக வேண்டும். மறுமுனைக்கு ‘நோ கோ’, அது போகக்கூடாது. கோ போய், நோ கோ போகாமல் நின்றால் நல்ல நட்டு. அதன் தலையில் பச்சைப் புள்ளி வைப்பார்கள். இல்லையென்றால் சிவப்பு. ஒரு பழைய கம்பியை அண்ணன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு ஊர் முழுக்க அளந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் பச்சைப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. சிவப்பு மாதம் ஒன்று தீர்ந்துபோகும். பச்சையின் மூடியை எங்கள் தெருவில் யாரும் திறந்து பார்த்ததில்லை.

அவருடைய நிஜப் பெயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகருக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டுமே தெரியும். கூரியர்காரர்கள்கூட ‘நோகோ சார் வீடு எது?’ என்றுதான் கேட்பார்கள்.

“மாஸ்டர், கோ சைடே போவல. ஓட்டை சின்னது. நோகோ,” என்றார் அண்ணன்.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து மாஸ்டர் நிமிர்ந்தார். “யோவ், மெய்யாலுமே கேக்குறேன். நீ வடை துன்ன வந்தியா, வடைக்குக் காது குத்த வந்தியா?”

“ஓட்டை சின்னதா இருந்தா நடுவுல வேகாது மாஸ்டர்.”

“வந்துட்டாரு விஞ்ஞானி! காலங்காத்தால பேஜார் பண்ணாத. துன்றதுன்னா துன்னு.”

அண்ணன் வடையைப் பிட்டுக் காட்டினார். நடுவில் மாவு வெள்ளையாகச் சிரித்தது. மாஸ்டர் வேறு வடை எடுத்து வைத்தார். நோகோ அண்ணனிடம் எரிச்சலான விஷயமே இதுதான். அவர் சொல்வது சரியாக இருந்துவிடும்.

அதனால்தான் கேமராவை எடுத்து நீட்டினேன்.

அண்ணன் அதை வலப்புறம் பார்த்தார், இடப்புறம் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிக் கேட்டார். பிறகு தலைகீழாகத் திருப்பினார். அடியில் காசளவுக்கு ஒரு வட்ட ஸ்டிக்கர். தரம் பார்த்துத் தேறியது என்று ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் 07 என்று நம்பர் போட்டிருந்தது.

“யார்ரா இந்த ஏழு?”

“யாருக்குண்ணா தெரியும்? எந்த நாட்டு ஃபேக்டரியோ. மெஷினே செக் பண்ணி மெஷினே ஒட்டியிருக்கும்.”

“ஸ்டிக்கர் கோணலா இருக்கு பாரு. மெஷின் கோணலா ஒட்டாது. இது ஆளு.” அண்ணனின் குரல் தாழ்ந்தது. “என்னை மாதிரி ஒரு ஆளு. காலைல டிபன் சாப்ட்டு, பஸ் புடிச்சு வந்து உக்காந்து பாத்திருக்கான். லஞ்சுக்கு முன்னாடி பாத்தானா, பின்னாடி பாத்தானான்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

“ஏண்ணா?”

“சாப்ட்டு வந்தவன் எல்லாத்தையும் பாஸ் பண்ணுவான்டா.”

இனி ஷீபா அக்காவைப் பற்றி. அண்ணனுடைய ஒரே தங்கை. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெற்றவர்கள் இல்லாத வீடு. அதனால் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு தரக்கட்டுப்பாட்டுத் துறையிடம் வந்து சேர்ந்திருந்தது. ஆறு வருஷம், பதினோரு மாப்பிள்ளைகள், பதினோரு நோகோ. உட்காரும்போது பேன்ட்டை முழங்காலில் சுருட்டிப் பிடித்ததால் ஒருத்தர் போனார். ‘ஆக்சுவலி’ என்று ஒன்பது தடவை சொன்னதால் ஒருத்தர் போனார். பல்லாவரத்து மாப்பிள்ளை ஏன் போனார் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை, அவருக்கேகூட.

கடைசியில் அக்கா, சர்ச் பாடகர் குழுவில் கூடப் பாடும் டேனியல் சாரைத் தானே முடிவு செய்துகொண்டு வந்து நின்றார். அவருக்கு நாவலூரில் ஐ.டி. வேலை, கேளம்பாக்கத்தில் ஃபிளாட்.

“இன்ஸ்பெக்‌ஷன் இல்லாம மெட்டீரியல் உள்ள வரக்கூடாது, ஷீபா.”

“இது டைரக்ட் டெலிவரிண்ணா. நீ கையெழுத்து மட்டும் போடு.”

அண்ணன் போட்டார். ஆனால் மனிதருக்குக் கை நமநமத்தது. மாப்பிள்ளையைச் சோதிக்க விடவில்லை. ஆகவே பந்தல், பிரியாணி, பத்திரிகை, மோதிரம், பாதிரியாரின் மைக் என்று எல்லாவற்றையும் சோதித்தார். அந்த வரிசையில் கடைசியாக வந்து மாட்டிக்கொண்டது நான்.

நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஒரு வருஷமாகக் கல்யாணங்களில் இன்னொரு போட்டோகிராபருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவன். “உன் கல்யாணத்த நான்தான் எடுப்பேன்கா,” என்று அக்காவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தேன். சொந்தக் கேமரா, சொந்தப் பெயர், முதல் கல்யாணம். இது நன்றாக வந்தால் நான் போட்டோகிராபர். இல்லாவிட்டால் மறுபடியும் விளக்கு.

டீக்கடையில் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: “கேமரா பாஸ் ஆனா நீ எடு. ஆகலன்னா வேற ஆளு. கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கு. இன்னைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு எங்க மாடிக்கு வா.”

போனேன். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸால் குறி. நான் நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. ஷீபா அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த களைப்போடு, மூக்குக் கண்ணாடியோடு, விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், தெருவுக்கு எதிர்ப்புறம், நாலு மாடிக் கட்டடம் ஒன்று பாதி எழும்பி நின்றது. சாரம், பச்சை வலை, பூசணிக்காய், பொம்மை என்று நம் பக்கத்துக் கட்டடங்களுக்கே உரிய சாமான்களோடு.

“பத்து எடு. பத்துல ஒண்ணு தப்பானாலும் மொத்த லாட்டும் ரிஜெக்ட்,” என்றார் அண்ணன்.

எடுத்தேன். கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாலு படத்தில் அக்கா பளிச்சென்று இருந்தார். மீதி ஆறில் அக்கா, பாயசத்துக்குள் விழுந்த முந்திரி மாதிரி மங்கலாக இருந்தார். பின்னால் கட்டடம் மட்டும் செங்கல் செங்கலாக எண்ணும்படி இருந்தது.

இந்தக் கேமராவின் பெருமையே கண் பிடிப்பதுதான். கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடி, அந்த முகத்தில் கண்ணைத் தேடி, அதிலேயே தானாக ஃபோகஸ் வைக்கும். ஒரு சின்னப் பச்சைக் கட்டம் கண்ணின் மேல் வந்து உட்காரும். யூடியூபில் நூறு பேர் அதைப் பார்த்து வாய் பிளந்திருந்தார்கள். என் கேமராவில் அந்தப் பச்சைக் கட்டம் அக்காவின் காதோரம் துடித்துக்கொண்டிருந்தது. ஜிமிக்கியைப் பிடிக்கிறது என்று நினைத்தேன்.

“பேக் ஃபோகஸ்ணா. ஆளை விட்டுட்டுப் பின்னாடி போய் நிக்குது,” என்றேன் அழாத குறையாக.

அண்ணன் அழவில்லை. அவர் முகத்தில் ஒரு பரிசுத்தமான ஆனந்தம் பரவியது. “சாப்ட்டுட்டு வந்துதான் பாத்திருக்கான் ஏழு.”

மறுநாளும் ஐந்து மணி. அதற்கு மறுநாளும். அதே நாற்காலி, அதே குறி, அதே அக்கா. “ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆளு. எதையும் மாத்தக்கூடாது. அப்பத்தான் டெஸ்ட்டு டெஸ்ட்டு,” என்று அண்ணன் கொள்கை விளக்கினார். ஒவ்வொரு படத்திலும் அக்காவின் கண்ணைப் பெரிதாக்கி, மங்கலாக இருந்தால் சிவப்புப் பேனாவால் நோட்டில் ஒரு புள்ளி. ஐந்தாம் நாள் அந்தப் பக்கத்துக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

“அண்ணா, நாளைக்கு நாப்பது பேப்பர் திருத்தணும். என்னை விட்டுட்டு ஒரு பூந்தொட்டிய வெச்சு எடுங்களேன்,” என்றார் அக்கா.

“பூந்தொட்டிக்குக் கண்ணு இல்ல ஷீபா.”

“எனக்கும் இன்னும் ரெண்டு நாள்ல இருக்காது.”

கேமராவோடு வந்த கையேட்டையும் அண்ணன் விடவில்லை. சின்னப் புத்தகம்தான். முதல் நாளே அட்டையிலிருந்து அட்டை வரை படித்து, நாற்பத்தொன்றாம் பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். நான் கையேட்டைத் தொடவே இல்லை. யூடியூப் பார்த்தவன் புத்தகம் படிப்பானா?

அடுத்த கட்டம், கிண்டிப் பக்கத்தில் இருந்த சர்வீஸ் சென்டர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, ஜுரம் வந்த குழந்தையை டாக்டரிடம் கூட்டிப் போவதுபோல் போனோம். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனோம்.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்: “எல்லாம் நார்மல் சார். எந்தப் பிரச்சினையும் இல்ல.”

“எதை வெச்சும்மா பாத்தீங்க?”

“டெஸ்ட் சார்ட் சார். செவுத்துல மாட்டியிருப்போம். கோடு கோடா இருக்கும்.”

“கல்யாணத்துக்குக் கோடு கோடா யாரும்மா வருவாங்க?”

அந்தப் பெண்ணின் சிரிப்பில் ஒரு விளக்கு அணைந்தது. “சார், அதுதான் சார் ப்ரொசீஜர்.”

“எத்தனை ஷாட் எடுத்தீங்க?”

“அது... டெக்னீஷியன் ஒரு மூணு நாலு...”

அண்ணன் என் பக்கம் திரும்பி, டெலிவரி வார்டுக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: “மூணாம்டா.” பிறகு நோட்டை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். அந்தப் பெண் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள்.

இரண்டாம் முறை போனபோது எங்களைக் கண்டதும் செக்யூரிட்டியே உள்ளே போய்ச் சொல்லிவிட்டார். அண்ணன் இந்த முறை முறையான அறிக்கையே தயாரித்து வந்திருந்தார். தலைப்பு: ‘வலது காதுப் பக்கச் சாய்வு’. கடைசிப் பத்தியில், ஏழாம் எண் ஆய்வாளருக்கு உடனடியாக மறுபயிற்சி அளிக்க வேண்டும் என்று கோரியிருந்தார். அதைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டார்.

“சரி சார்,” என்றாள் அந்தப் பெண், உயிர் பிழைத்தால் போதும் என்கிற குரலில். “ஹெட் ஆபீஸ் அப்ரூவ் பண்ணா, வேற புது பீஸே குடுத்துடுவோம்.”

ரயிலில் அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, குரோம்பேட்டை வரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “பாவம், ஏழுக்கு வீட்ல ஏதாவது பிரச்சினையா இருக்கும்,” என்றார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது போனில் செய்தி வந்தது. அப்ரூவ் ஆகிவிட்டது. புது கேமரா நாளை மறுநாள் வரும். நான் எங்கள் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அண்ணனும் அக்காவும் ஹாலில் இருந்தார்கள். அக்கா, நான் அங்கேயே விட்டிருந்த என் கணினியில் அந்தப் பழைய சோதனைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சிட்டோம்ணா! புதுசு வருது!”

“டேய்,” என்றார் அக்கா, திரையிலிருந்து கண் எடுக்காமல். “என் காதுக்குப் பின்னாடி யாருடா இவ்ளோ அழகா சிரிக்கிறது?”

“யாருக்கா?”

“இங்க பாரு. மீசைகூட ஒவ்வொரு முடியா தெரியுது.”

குனிந்து பார்த்தோம். அக்காவின் காதோரம், எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியில், திருஷ்டி பொம்மை. முறுக்கு மீசை, தொங்கும் சிவப்பு நாக்கு, தோசைக் கல் அகலத்துக்கு இரண்டு கண்கள். அத்தனை கூர்மை. அத்தனை தெளிவு. ஒரு கல்யாணப் பெண்ணை அப்படி எடுத்துக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் எனக்கு மோதிரமே போட்டிருப்பார்கள்.

அடுத்த படம். பொம்மை. அதற்கடுத்தது. பொம்மை. சிவப்புப் புள்ளி வாங்கிய ஒவ்வொரு படத்திலும் பொம்மை, அட்டகாசமாக, கண்ணில் கச்சிதமான ஃபோகஸோடு.

ஐந்து மணி வெயில் நேராக அக்காவின் மூக்குக் கண்ணாடியில் அடித்துப் பளபளக்கும்போது கேமராவுக்கு அக்காவின் கண் தெரியவில்லை. வேறு கண் எங்கே என்று தேடியிருக்கிறது. ஊர்க் கண்ணெல்லாம் தன் மேல் விழட்டும் என்று தொங்கவிடப்பட்டிருந்த கண்தான் அதற்கு முதலில் தெரிந்திருக்கிறது. எட்டு நாள் நாங்கள் எது மங்கல் என்று மட்டுமே பார்த்திருக்கிறோம். எது தெளிவு என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

அண்ணன் மெல்ல எழுந்துபோய்க் கையேட்டை எடுத்து வந்தார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, மறுபடியும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, பிறகு நேராக நாற்பத்தைந்து. பொருளடக்கத்தைப் புரட்டினார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது: முகம் தேடும் வசதியை எப்போது அணைக்க வேண்டும்.

“கூடுதலா இருந்ததத்தான் கண்டுபுடிச்சேன். இல்லாதத யோசிக்கல,” என்றார். குரலில் காற்றுப் போயிருந்தது. “ஏழு மேல தப்பில்லடா. புக்கு பைண்ட் பண்ணவன்தான்...”

“சரிண்ணா, விடுங்க. எப்படியும் புது பீஸ் வருது. நாம ஒண்ணும் சொல்ல வேணாம். வாங்கிப் போட்டுக்குவோம்,” என்றேன். அவசர புத்தி.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் முளைக்காத பயிறு ஆனேன். “நல்ல பீஸுக்கு சிவப்பு வெச்சிருக்கேன்டா. எங்க லைன்ல கெட்ட பீஸப் பாஸ் பண்ணவன மெமோ குடுத்து விட்டுடுவாங்க. நல்ல பீஸ ரிஜெக்ட் பண்ணவன் மூஞ்சில யாரும் முழிக்க மாட்டாங்க. அங்க ஒருத்தன் ஒழுங்கா வேலை பாத்திருக்கான். நான் இங்க உக்காந்துகிட்டு அவனுக்கு ட்ரெய்னிங் குடுன்னு எழுதியிருக்கேன்.”

அப்போதே போன் போட்டார். கிண்டிப் பெண்ணிடம் புது பீஸ் வேண்டாம் என்றார், தப்பு தன்னுடையது என்றார். “சார், நிஜமாவே நீங்கதான் பேசறீங்களா?” என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. பிறகு தலைமை அலுவலகத்துக்கு இரண்டாவது மின்னஞ்சல். முதல் வரி: ‘மதிப்புக்குரிய ஏழாம் எண் அவர்களுக்கு.’ மன்னிப்பு மூன்று பத்தி. ஸ்டிக்கரை மட்டும் இனி நேராக ஒட்டவும் என்று பின்குறிப்பு.

அனுப்பிவிட்டு நோட்டை மூடி வைத்தார். பிறகு, “ஷீபா,” என்றார். “அந்தப் பல்லாவரம் பையன்.”

“யாரு?”

“நல்லாத்தான் பேசினான். அவனுக்குப் பின்னாடி அவங்க அண்ணன்காரன் நின்னுகிட்டு வாயத் திறந்து கொட்டாவி விட்டான். அதத்தான் பாத்துட்டே இருந்தேன். அதுக்குத்தான் நோகோ போட்டேன்.”

நான் சுவரில் பல்லி பார்க்க ஆரம்பித்தேன். இந்த இடத்தில் அக்கா கத்துவார், நியாயம்தான் என்று நினைத்தேன். ஆறு வருஷம் சும்மாவா?

அக்கா கணினியை மூடி வைத்தார். “விடுண்ணா. அன்னைக்கு அந்த ஆளு கொட்டாவி விடலன்னா இன்னைக்கு எனக்கு டேனியல் இல்ல. கொட்டாவி விட்டவருக்குப் பத்திரிகை வெச்சியா இல்லையா?”

அண்ணன் சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி சிரித்ததால் அதை எந்தக் கேமராவாலும் பிடித்திருக்க முடியாது.

கல்யாணம் சனிக்கிழமை. சர்ச்சில் முகம் தேடும் வசதியை அணைத்துவிட்டு, நானே குறி வைத்து எடுத்தேன். மோதிரம், வாக்குறுதி, அக்காவின் உதடு நடுங்கியது, எல்லாம் விழுந்தது. மாலையில் வரவேற்பு. நடமாட்டம் அதிகம், கூட்டம் அதிகம். கண் பிடிக்கும் வசதி இல்லாமல் முடியாது. அதை இயக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ராட்சசத் திரை. அதில் அக்காவும் டேனியல் சாரும் கோவளம் கடற்கரையில் எடுத்த படங்கள், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாக, மாறி மாறி வந்தன. என் கேமராவின் பச்சைக் கட்டம் மேடையில் நின்ற நிஜ அக்காவை விட்டுவிட்டுத் திரை அக்காவிடம் ஓடிப் போனது.

என் முகத்தைப் பார்த்தே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கோட்டும் டையுமாக மேடையின் பின்பக்க ஓரத்துக்குத் தாவினார். திரையை இயக்கியவர் ஸ்டூலில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, மூஞ்சி வேணாம். எடுத்துட்டு பூ போடு.”

“இன்னாண்ணா சொல்றே? பொண்ணு மாப்ள மூஞ்சிய எடுத்துட்டா இது யாரு கல்யாணம்னு எப்டி தெரியும்?”

“மேடையில நிக்கறாங்களே, அவங்களப் பாரு!”

“அவுங்கள எவன்ணா பாக்குறான்? அல்லாரும் ஸ்கிரீனத்தான பாத்துகினு கீறாங்க!”

அண்ணன் வாதாடவில்லை. இரவு முடியும் வரை அந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒரு முகம் திரையில் எட்டிப் பார்த்தாலும், “பூ! பூ!” என்று அவர் குரல் மேடை ஓரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. விருந்தினர் பலர் அது ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு படம்கூடத் தப்பவில்லை.

பதினைந்து நாள் கழித்து கேளம்பாக்கத்திலிருந்து அக்கா போன் செய்தார். “ஆல்பம் பாத்தேன்டா. அவ்ளோ சூப்பர். டேனியலோட ஆபீஸ்ல ரெண்டு பேரு உன் நம்பர் கேட்டிருக்காங்க. ஆனா ஒண்ணு. அண்ணன் எங்கடா?”

“இருக்காருக்கா, நிறைய படத்துல.”

“இருக்காரு. எல்லாத்துலயும் பின்னாடி, மங்கலா.”

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கேமரா ஒழுங்காக வேலை செய்ததன் பலன். அக்கா முன்னால் பளிச்சென்று சிரிக்க, பின்னால் புகை மாதிரி ஒரு கோட்டு குனிந்து வயரைச் சரி செய்கிறது. அக்கா கேக் வெட்ட, பின்னால் புகை மாதிரி ஒரு டை, தட்டில் வந்த வடையின் ஓட்டையைச் சோதிக்கிறது. ஒன்றில்கூட அவருக்குக் கண் இல்லை.

“எங்க ஹால்ல மாட்டணும்டா,” என்றார் அக்கா. “அண்ணன் மட்டும். தெளிவா.”

நேற்று டீக்கடையில் அவரைப் பிடித்தேன். “எனக்கெதுக்குடா போட்டோ? மூக்கு செண்டர்ல இல்ல,” என்றார். ஷீபா அக்கா கேட்டார் என்றேன். கம்பியைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார்.

“சரி. பத்து எடு,” என்றார். “பத்துல ஒண்ணு தேறினா போதும்.”

மாஸ்டர் கையிலிருந்த டீ பாதி வழியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து கேமராவைத் துடைக்க எடுத்தேன். தலைகீழாகத் திருப்பினேன். கோணலான ஏழாம் நம்பர் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. கேட்டால் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, அதே மாடி, ஐந்து மணி. மழையில் அழிந்துபோன சாக்பீஸ் குறிகளை யாரோ இன்று காலையே புதிதாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். எதிர்க் கட்டடத்தில் பொம்மை இன்னும் கண்ணை உருட்டிக்கொண்டு தொங்குகிறது. கேமரா அதைத் தேடிப் போனால் போகட்டும். எந்த முகத்தைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.